ஒரு செல், இரண்டு ஊக்கு, கொஞ்சம் கம்பி

பள்ளிக் கல்வியைப் பற்றிய எந்தக் கூட்டத்திலும் ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. அரசுப் பள்ளியில் ஏழாவது படிக்கும் பிள்ளைக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வருகிறது. வகுத்தல் வரவில்லை. அந்தப் பிள்ளையிடம் காந்தத்தையும் கம்பியையும் தொலைநோக்கியையும் கொடுத்து என்ன ஆகப்போகிறது? முதலில் எழுத்தும் எண்ணும் வரட்டும், பத்தாம் வகுப்பில் தேறட்டும். அறிவியல் முகாம், ராக்கெட் விடுவது, ரோபோ செய்வது எல்லாம் அடிப்படை உள்ளவர்களுக்கு. இருக்கிற நாற்பது நிமிடத்தை விளையாட்டில் தொலைக்காதீர்கள்.

இதைச் சொல்கிறவர்களை எதிரிகளாக நினைக்க என்னால் முடியாது. அவர்களில் பலர் ஆசிரியர்கள். ஒரே ஆளாக இரண்டு வகுப்பைச் சமாளித்துக்கொண்டு, கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டு, தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பவர்கள். அவர்கள் சுட்டும் பள்ளமும் உண்மையானது. 2022 ஏசர் கல்வி ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை. இதை மறைத்துவிட்டு அறிவியல் கண்காட்சியைக் கொண்டாடுவது நேர்மையாகாது.

ஆனாலும் அந்த வாதம் தவறானது. நோயைச் சரியாகக் கண்டு, மருந்தை மாற்றிக் கொடுக்கிறது. கைப்படச் செய்து பார்ப்பதைத் தேறிய பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசாக அது கருதுகிறது. பின்தங்கிய பிள்ளை எழுந்து வருவதற்கான வழிகளில் அதுவே முக்கியமானது என்பதைப் பார்க்க மறுக்கிறது.

ஒரு வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய செல் ஒன்று. அதன் இரு முனையிலும் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தால் இறுக்கிய இரண்டு ஊக்குகள். செல்லின் முதுகில் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம். இனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சில சுற்று சுற்றிச் சுருளாக்கி, அதன் இரு நுனிகளையும் ஊக்குகளின் துளைகளில் தொங்கவிட வேண்டும். அரவிந்த் குப்தாவின் புத்தகங்களாலும் காணொளிகளாலும் பல பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்த எளிய மோட்டார் இது. ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு வாழ்நாளெல்லாம் குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டியவர் அவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார்.

முதல் முயற்சியில் பெரும்பாலும் சுற்றாது. "மிஸ், சுத்தவே மாட்டேங்குது" என்று நாலு மூலையிலிருந்தும் குரல் வரும். சிலர் கம்பி நுனியில் இனாமலைச் சுரண்டியே இருக்க மாட்டார்கள். மின்சாரம் உள்ளேயே போயிருக்காது. அதைக் கண்டுபிடித்துச் சுரண்டுவார்கள். இப்போது சுருள் ஒருமுறை துள்ளும், முன்னும் பின்னும் ஆடும், நின்றுவிடும். இங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஒரு நுனியை முழுக்கச் சுரண்டிவிட்டு, மற்ற நுனியில் மேல் பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால், சுருள் அரைச் சுற்று வந்ததும் காந்த விசை அதை எதிர்ப்பக்கம் தள்ளும். பாதி இனாமலை விட்டுவைத்தால் அந்த எதிர் அரைச் சுற்றில் மின்சாரம் துண்டிக்கப்படும். ஏற்கெனவே பெற்ற வேகத்திலேயே சுருள் அதைக் கடந்துவிடும், மறுபடி மின்சாரம் வரும், மறுபடி தள்ளும். பாடப் புத்தகத்தில் திசைமாற்றி என்று படம் போட்டு, பாகம் குறித்து, ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யும் விஷயம், பிளேடால் பாதி சுரண்டிய ஒரு கம்பி நுனியில் இருக்கிறது.

சுருள் சுற்றத் தொடங்கியதும் அந்தப் பிள்ளையின் மனதில் பதிவது என்ன? ஃபிளெமிங் விதி பதியலாம், பதியாமலும் போகலாம். கட்டாயம் பதிவது வேறொன்று: இது ஓடவில்லை, காரணம் என் மண்டை இல்லை, கம்பி நுனி, காரணத்தைத் தேடினேன், கிடைத்தது, ஓடுகிறது. தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அதுவரை பள்ளி சொல்லித் தந்தது நேர் எதிரானது. சரியாக வரவில்லை என்றால் நீ மக்கு என்பதை மதிப்பெண் சொன்னது, உட்காரவைத்த பெஞ்சு சொன்னது, சில வீடுகளில் அப்பாவும் சொன்னார். பல வருடம் கேட்ட அந்தத் தீர்ப்பைத் திருத்தாமல், இன்னொரு மாலை நேர வகுப்பில் உட்காரவைத்து அதே எழுத்தை இன்னும் உரக்கச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை தேறிவிடும் என்று நம்புகிறோம்.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை நான்கு ஊற்றுகளாகப் பிரிக்கிறது. தானே செய்து வெற்றி காண்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கமாகச் சொல்வதைக் கேட்பது, அந்த நேரத்து உடல், மன நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. வெறும் சொல்லால் ஊட்டப்படும் நம்பிக்கை முதல் தோல்வியிலேயே கரைந்துவிடும் என்பது அவர் சொன்ன முக்கியமான எச்சரிக்கை. நம் பள்ளிகளோ மூன்றாவதைத்தான் கொட்டிக் கொடுக்கின்றன. பொதுத்தேர்வுக்கு முன் ஒரு பேச்சாளரை அழைத்து, வெயிலில் பிள்ளைகளை உட்காரவைத்து, "உன்னால் முடியும்" என்று இரண்டு மணி நேரம் பேசவைக்கிறோம். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், சிலர் அழவும் செய்கிறார்கள். எது முடியும், எப்படி முடியும் என்று காட்ட அந்த மேடையில் எதுவும் இருப்பதில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மோட்டாரை ஓடவைத்திருக்கலாம். தன்னம்பிக்கைப் பேச்சுக்கு நேரம் உண்டு, பரிசோதனைக்கு நேரமில்லை என்று சொல்லும் பள்ளி நேரத்தின் பெயரால் பேசக் கூடாது.

அடுத்து, மதிப்பெண்ணே எதிர்காலம் என்ற வாதம். அமெரிக்காவில் 1988இல் எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்து, 2000ஆம் ஆண்டு வரை அவர்கள் எங்கே போனார்கள் என்று பதிவு செய்த ஒரு பெரிய தரவுத் தொகுப்பு இருக்கிறது. ராபர்ட் டாயும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதை அலசி, 2006இல் 'சயின்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். முப்பது வயதில் என்னவாக இருப்பாய் என்று எட்டாம் வகுப்பில் கேட்டபோது அறிவியல் சார்ந்த வேலையைச் சொன்ன, கணிதத்தில் சராசரியான பிள்ளைகள் இருந்தார்கள். கணிதத்தில் கெட்டிக்காரர்களாக இருந்தும் அப்படிச் சொல்லாதவர்கள் இருந்தார்கள். முதல் வகையினர் இயற்பியல் அறிவியல் அல்லது பொறியியலில் பட்டம் பெறும் வாய்ப்பு 34 சதவீதம். இரண்டாம் வகையினருக்கு 19 சதவீதம்தான். ஆசை பட்டத்தை உண்டாக்கியது என்று இந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆசைக்குப் பின்னால் குடும்பமும் வசதியும் ஊரும் இருக்கும். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை தன்னை யாராக நினைத்துக்கொள்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எதைத் தவறவிடுகிறார்கள் என்பதை அந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. நம் ஊரில் பதின்மூன்று வயது என்றால் எட்டாம் வகுப்பு. "அடிப்படை வரட்டும்" என்று நாம் காத்திருக்கச் சொல்லும் அதே வருடங்களில் பிள்ளை முடிவெடுத்துவிடுகிறது. அறிவியல் எனக்கானது இல்லை என்று பத்தாவது முடிக்கும்போது அது சொல்வதை விருப்பம் என்று பெயரிட்டு, பிரிவு ஒதுக்குகிறோம்.

இது வசதியான நாட்டுக் கதை, ஓட்டுக் கூரைப் பள்ளிக்குப் பொருந்தாது என்பார்கள். அவர்களுக்கு ஹோஷங்காபாத்தைச் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையில் உள்ள அந்த மாவட்டத்துக்கு இன்று நர்மதாபுரம் என்று பெயர். 1972இல் அங்கே பதினாறு கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் அறிவியல் கற்பித்தலைத் தலைகீழாக மாற்றின. கிஷோர் பாரதியைத் தொடங்கிய அனில் சட்கோபால், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலையை விட்டுவிட்டு வந்த உயிர்வேதியியலாளர். 1978இல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது, 1982இல் அதை நடத்தவும் வளர்க்கவும் ஏகலைவா என்ற அமைப்பு பிறந்தது. 'பால் வைஞானிக்' என்ற அவர்களுடைய புத்தகத்தில் விடைகள் கிடையாது. செய், பார், எழுது, ஏன் என்று யோசி. அவ்வளவுதான். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. அங்கே படித்தவர்கள் உழவர்களின் பிள்ளைகள், கூலிக்காரர்களின் பிள்ளைகள். அரசுப் பள்ளி ஆசிரியர்களே பயிற்சி பெற்று நடத்தினார்கள். பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கோடை விடுமுறையில் வந்து அவர்களோடு உட்கார்ந்து அதே பரிசோதனைகளைச் செய்தார்கள். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கோத்து வடிவியல் உருவங்கள் செய்யும் யோசனை அரவிந்த் குப்தாவுக்கு வந்ததும் இந்த மண்ணில்தான்.

விடை அச்சடிக்காத புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை வாசித்தே தீர வேண்டும். கரைசலை எவ்வளவு சூடாக்க வேண்டும் என்ற வரியைத் தவறாக வாசித்தால் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். அளக்க வேண்டும், கூட்ட வேண்டும், சராசரி எடுக்க வேண்டும், பார்த்ததைச் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். எழுத்தும் எண்ணும் அங்கே ஒரு வேலைக்காகத் தேவைப்படுகின்றன. தேவைப்படும் இடத்தில் அவை வேகமாக வருகின்றன. கிணற்றில் இறங்கவே விடாமல் நீச்சல் வந்த பிறகு தண்ணீருக்குப் போ என்று சொல்வதுதான் "முதலில் அடிப்படை" என்ற கொள்கை.

அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சரியில்லை, இந்த அறிவியல்தான் காரணம் என்று குற்றம் சாட்டினார்கள். ஆறு முதல் எட்டு வரை ஒரே ஒரு பாடத்தில் நடந்த மாற்றம், பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்துக்குமான தேர்ச்சிக்குக் குற்றவாளி ஆனது. முப்பது வருட உழைப்பு அரசு ஆணை ஒன்றில் முடிந்தது. இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இன்று இங்கே பேசப்படும் "முதலில் அடிப்படை" வாதமும் அன்று அந்தத் திட்டத்தை நிறுத்தச் சொன்ன வாதமும் ஒன்றே. அதே வார்த்தைகளை நாமும் கேட்டிருக்கிறோம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் தமிழ்நாடு முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றலைப் பற்றி, பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து அட்டை கொடுத்து விளையாடவிடுகிறார்கள் என்றுதானே ஊரில் பேசினார்கள்?

அதே ஊரில் சனிக்கிழமை ரோபோட்டிக்ஸ் வகுப்புக்குப் பணம் கட்டிக் குழந்தையை வண்டியில் கொண்டுவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் தம் பிள்ளைக்கு முதலில் வகுத்தல் வரட்டும், பிறகு சக்கரம் ஓட்டட்டும் என்று சொல்வதில்லை. சிறு வயதில் கையில் கருவி பழகினால் பயம் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். அது சரியான அறிவு. அந்த அறிவை இல்லாதவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் பொருந்தாது என்று சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. ஏழைப் பிள்ளைக்குப் பயிற்சித்தாள், வசதியான பிள்ளைக்குப் பரிசோதனை என்று பிரித்துவிட்டு, பிறகு கல்லூரியில் இருவரையும் ஒரே ஆய்வகத்தில் நிறுத்துகிறோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இலும் பொறியியலில் 2021இலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நியாயமான, தேவையான சட்டங்கள். ஆனால் அந்த வழியாக உள்ளே போகும் மாணவி முதல் நாள் மல்டிமீட்டரைத் தொடவே தயங்கி நின்றால், பக்கத்தில் இருப்பவன் வீட்டிலேயே அதைப் பிரித்துப் பார்த்து வளர்ந்தவனாக இருந்தால், அந்தத் தூரத்தைச் சட்டம் கடக்காது. ஆறாம் வகுப்பிலிருந்தே கடக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் நிற்பவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. அறிவியலைப் பரப்புகிறோம் என்ற பெயரில் நடக்கும் பல நிகழ்ச்சிகள் மேஜிக் ஷோவாகத்தான் இருக்கின்றன. ஒருவர் மேடையில் நுரை பொங்கவைக்கிறார், இருநூறு பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கப்படுகிறது, வேன் கிளம்பிவிடுகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009இல் தொடங்கிய ஆஸ்பயர்ஸ் ஆய்வு, பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டுக் கண்டது இது: பெரும்பாலோருக்கு அறிவியல் பிடித்தே இருக்கிறது, ஆனால் விஞ்ஞானி ஆக நினைப்பவர்கள் சிலரே. ஆர்வத்தில் குறை இல்லை. இது என்னைப் போன்றவர்களுக்கு இல்லை என்ற எண்ணத்தில்தான் குறை. ஒருநாள் வேடிக்கை ஆர்வத்தை ஊட்டலாம். அந்த எண்ணத்தை அசைக்காது. அசைக்க வேண்டுமானால் வாராவாரம், பழகிய ஒரே வழிகாட்டியோடு, தன் கையால் செய்ய வேண்டும். 2022 நவம்பரில் திருச்சி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், 13,210 அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பரிசோதனைகளைக் கொண்டுபோகும் திட்டம். சரியான வயதைப் பிடித்திருக்கிறது. அது வந்துபோகும் வேனாகச் சுருங்காமல் பார்த்துக்கொள்வது கல்வித் துறையின் பொறுப்பு. 1980களிலிருந்து துளிர் இதழ், வானியல் முகாம்கள், குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று சம்பளமில்லாமல் உழைத்த தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரின் அனுபவம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

குழுவாகச் செய்யச் சொல்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து பேருக்கு ஒரு செட் கொடுத்தால், துணிச்சலான பையன் ஒருவன் கருவியை எடுத்துக்கொள்கிறான். கையெழுத்து அழகாக இருக்கும் பெண்பிள்ளை நோட்டில் எழுதுகிறாள். மற்றவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். எழுதினவளுக்கு நல்ல மதிப்பெண் வரும், கம்பியைத் தொட்ட அனுபவம் வராது. ஆளுக்கொரு செட் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். செல்லும் ஊக்கும் கம்பியும் அதற்குத் தடையாகும் விலையில் இல்லை.

75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கெடுத்த ஆசாதிசாட் செயற்கைக்கோளை நினைத்துக்கொள்கிறேன். மதுரை மாவட்டம் திருமங்கலம் பள்ளி மாணவிகளும் அதில் இருந்தார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்எஸ்எல்வி ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. வட்டப் பாதையில் விட வேண்டிய செயற்கைக்கோளைத் தவறான நீள்வட்டப் பாதையில் விட்டது, செயற்கைக்கோள் பயனற்றுப் போனது. சென்சார்கள் பழுது என்று ராக்கெட்டின் கணினித் தர்க்கம் எடுத்த முடிவுதான் காரணம். விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சரியான பாதையில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண்களில் எத்தனை பேர் விஞ்ஞானி ஆவார்கள் என்று கேட்பவர்கள் தவறான கணக்குக் கேட்கிறார்கள். இஸ்ரோவின் ராக்கெட்டே தவறும், தவறுக்குக் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், ஆறு மாதத்தில் மறுபடி ஏவலாம். இதைத் தான் வேலை செய்த ஒரு பொருளின் வழியாகப் பார்த்த பெண் செவிலியரானாலும் கணக்கரானாலும் கடை நடத்தினாலும், ஒன்று பிசகும்போது தலைவிதி என்று உட்கார்ந்துவிட மாட்டாள்.

பெரியவர்களை மறுத்துப் பேசும் தைரியமும் இந்த வழியாகவே வருகிறது. தினமும் நண்பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் நேர் உச்சியில் இருக்கும் என்று வீட்டிலும் சொல்கிறார்கள், சில வகுப்பறைகளிலும் சொல்கிறார்கள். பள்ளி மைதானத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு நிழலை அளக்கும் பிள்ளைகள் வேறொன்றைக் காண்கிறார்கள். நிழல் மிகக் குறுகும் நேரம் பெரும்பாலான நாட்களில் கடிகாரத்தில் பன்னிரண்டைத் தாண்டி வருகிறது. அப்போதும் நிழல் முழுவதும் மறைவதில்லை. ஆண்டுக்கு இரண்டே நாட்களில் அது மறைகிறது. இரண்டாவது நாள் சென்னையில் ஆகஸ்ட் 18 அளவில், கன்னியாகுமரியில் செப்டம்பர் 1 அளவில் வருகிறது. பள்ளி நடக்கும் நாட்கள். "அப்படி இல்ல தாத்தா, நாங்க அளந்து பார்த்தோம்" என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்வதைவிடப் பெரிய கற்றல் விளைவு எந்தப் பட்டியலில் இருக்கிறது?

இனி நேரம் எங்கே என்ற கேள்வி. நேரமும் மதிப்பெண்ணும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியலில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எத்தனை பள்ளிகளில் அது என்னவாகிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். ரெக்கார்டு நோட்டை முன் வருட மாணவனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். ஆய்வகத்தைத் தேர்வுக்கு முன்பு தூசி தட்டித் திறக்கிறார்கள். தேர்வன்று முழு மதிப்பெண் போடுகிறார்கள். பிள்ளையின் மேல் உள்ள இரக்கத்தால் அப்படிச் செய்வதாகச் சொல்வார்கள். அந்தப் பிள்ளையிடமிருந்து பறிக்கப்பட்டது அந்த 25 மதிப்பெண்ணைவிடப் பெரியது.

புதிய திட்டமோ புதிய பெயரோ எனக்கு வேண்டாம். அடுத்த செய்முறைத் தேர்வில் ஒரு மாற்றத்தைச் செய்யட்டும். ஒவ்வொரு மாணவர் முன்னும் ஓடாத ஒரு மோட்டார் அல்லது எரியாத ஒரு மின்சுற்று இருக்கட்டும். ஒன்றில் கம்பி நுனி சுரண்டப்படாமல், ஒன்றில் செல் தீர்ந்துபோய், ஒன்றில் ஊக்கு துருப்பிடித்து. பழுது எங்கே என்று கண்டுபிடிக்கட்டும், எப்படிக் கண்டுபிடித்தேன் என்று அவரவர் தமிழில் அரைப் பக்கம் எழுதட்டும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். அப்படி ஒரு வினா வரப்போகிறது என்று ஜூன் மாதமே தெரிந்தால், ஜூலையில் ஆய்வகங்கள் தாமாகத் திறக்கும்.